வெக்கைக்குப் பழகும் வீடு

வீடு மாறுவது எமது பெண்களுக்குப் புதிய அனுபவமல்ல. 1977 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் நடந்த இன வன்செயல்களின் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கு வந்து குடியேறின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். அவர்களில் பலர் பின்னர் வன்னிக்கு வந்தனர். 2009 இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மனிக்பாம் முதலிய முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். 2012 செப்ரெம்பரில் மனிக்பாம் மூடப்படும் வரை கட்டங்கட்டமாக மீள்குடியேற்றம் நடைபெற்றது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும் குடும்பங்கள் ஊர் திரும்பியுள்ளன.

இவ்வாறு இடம் மாறி வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது காணி, உறுதி, நிவாரணம், வீட்டுத்திட்டம் என்பவற்றைப் பற்றியே பேசுகின்றோம். புதிய இடத்தின் வெக்கையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ‘வெயில் எல்லோருக்கும் பொதுதானே’ என்று விட்டுவிடுகின்றோம். ஆனால் கிராமங்களில் பெண்களுடன் ஆறுதலாக இருந்து கதைக்கும்போது தலையிடி, நித்திரையின்மை, சிறுநீர் எரிவு, பிள்ளைகளின் வேர்க்குரு, காரணமில்லாத கோபம், வீட்டுச் சண்டை என்று ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. இவற்றில் பலவற்றின் வேர் வெக்கையில் இருப்பதை நாம் கவனிப்பதில்லை.

இக்கட்டுரை பெரிதும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடும்பம் நடத்தும் பெண்களின் அனுபவங்களை வைத்து எழுதப்படுகின்றது. முகாம்களிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வந்த சகோதரிகளுக்கும் இதில் சொல்லப்படுபவை பொருந்தும்.

மலையும் வன்னியும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கின்றது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் ஆகும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அது 27, 28 பாகை அளவில் இருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகையை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு. உயரம் ஆயிரம் மீற்றர் குறையக் குறைய வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை கூடிச் செல்கின்றது. ஆகவே ஹற்றனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பஸ் ஏறி ஒரே நாளில் வன்னிக்கு வந்து இறங்கும் பெண்ணின் உடல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வந்தது போன்ற மாற்றத்தைச் சந்திக்கின்றது.

வெப்பம் மட்டும் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். அதனோடு புழுக்கமும் சேர்கின்றது. எமது உடல் வியர்வை மூலமே தன்னைக் குளிரச் செய்கின்றது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. வடியும், உடுப்பை நனைக்கும், உடலோ குளிராது. காற்று அசையாத நாட்களிலும் மழைக்கு முந்திய நாட்களிலும் ‘அவியுது’ என்று சொல்கின்றோமே, அது இதனால்தான். யாழ்ப்பாணக் கரையோரங்களில் கடற்காற்று பின்னேரத்தில் வந்து ஆறுதல் தரும். வன்னியின் உட்பகுதிக் கிராமங்களுக்கு அந்தக் காற்று அவ்வளவாக வந்து சேர்வதில்லை. 1995 இன் பின்னர் வலிகாமத்திலிருந்து வந்தவர்களும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருப்பார்கள்.

உடல் பழகிக்கொள்ளும் தன்மை உடையது. புதிய வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவைப்படும். இக்காலத்தில் உடல் விரைவாக வியர்க்கப் பழகும். வியர்வையில் வெளியேறும் உப்பின் அளவும் குறையும். ஆகவே புதிதாக வந்தவர் முதல் இரண்டு வாரங்களுக்கு வெயிலில் செய்யும் வேலையைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். எமது வீடுகளில் இதற்கு எதிர்மாறான வழக்கமே இருக்கின்றது. புதிதாக வந்த மருமகள் முதல் நாளிலேயே முழு வேலையையும் செய்துகாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது.

கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, திருமணத்தின் பின் வன்னிக்கு வந்தவர். அவர் சொன்னது இது: “அக்கா, வந்த புதுசுல மத்தியானம் ஆனா தலை சுத்தும். கண்ணு இருட்டிக்கிட்டு வரும். சோம்பேறின்னு சொல்லிருவாங்கன்னு யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன். மலையில ஏறி எறங்கி கொழுந்து பறிச்ச ஒடம்பு இது, இங்க ஒரு கொடம் தண்ணி தூக்க முடியலையேன்னு அழுகையா வரும்.”

அவரது உடலில் எந்தக் குறையும் இருக்கவில்லை. குளிரில் வேலை செய்து பழகிய உடல் வெக்கையில் வேலை செய்யப் பழகுவதற்கு நாட்கள் தேவைப்பட்டன. அந்த நாட்களை வழங்க எவரும் இல்லாதபோதுதான் அது வருத்தமாகின்றது.

ஒரே வீடு, இரு வகை வெக்கை

ஒரு வீட்டில் வாழும் எல்லோரும் ஒரே அளவான வெக்கையை அனுபவிப்பதில்லை என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். மத்தியானத்தில் ஆண்கள் சாரத்துடன் மரநிழலில் இருக்கலாம். வெறும் மேலுடன் கிணற்றடியில் குளிக்கலாம். இரவில் முற்றத்தில் கட்டில் போட்டுப் படுக்கலாம். பெண்ணுக்கு இவை எளிதாக வாய்ப்பதில்லை. கணவனை இழந்தோ, கணவன் காணாமற்போனோ தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இன்னும் குறைவு. பெண்ணின் வெக்கையைக் கூட்டுபவை மூன்று: அடுப்படி, குடிக்காத தண்ணீர், சாத்திய கதவு. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடுப்படி

மலையகத்து லயத்தில் அடுப்பு ஒரு துணை. பனி இறங்கும் விடியற்காலையில் பிள்ளைகள் அதைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். ஈர உடுப்பும் அதன் பக்கத்திலேயே காயும். அடுப்பு வீட்டுக்குள் இருப்பதே அங்கு வசதி. அதே பழக்கத்தில் வன்னியிலும் வீட்டுக்குள், தகரக் கூரையின் கீழ் அடுப்பை வைத்தால் வீடு முழுவதும் சூளையாகிவிடும்.

முடிந்தால் குசினியை வீட்டிலிருந்து தள்ளித் தனியே அமையுங்கள். சுவரை இடுப்பளவுக்கு மட்டும் எழுப்பி மேலே திறந்து விட்டால் புகையும் சூடும் வெளியேறும். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் தட்டி கட்டிக்கொள்ளலாம். இரண்டு பானை வைக்கக்கூடிய களிமண் ‘அனகி’ அடுப்பு சாதாரண மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகில் சமைக்கும். விறகு குறைந்தால் அனலும் புகையும் குறையும். 2022 இல் சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது எரிவாயு பாவித்தவர்களும் விறகுக்குத் திரும்பினர். ஆகவே நல்ல விறகடுப்பு ஒன்று எந்த வீட்டிலும் இருப்பது நல்லது.

சமைக்கும் நேரத்தையும் மாற்றவேண்டும். வன்னியில் நீண்டகாலம் வாழ்ந்த ஒரு தாயார் தன் மருமகளுக்குச் சொன்ன புத்தி எல்லோருக்கும் உதவும்: “பிள்ளை, பத்து மணிக்குப் பிறகு அடுப்புக்கு முன்னாலை நிக்காதை. விடியப்புறம் எழும்பிச் சமையலை முடிச்சுப்போட்டு, வெயில் சாயும் வரைக்கும் நிழலுக்கை இருந்து செய்யிற வேலையைப் பார்.” பயறு, கடலையை முதல் நாளே ஊறப்போடுவதும், பானையை மூடிச் சமைப்பதும் அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும்.

உணவு கெடுவதிலும் வேறுபாடு உண்டு. மலையில் காலையில் வைத்த கறி இரவு வரை இருக்கும். இங்கே தேங்காய்ப்பால் விட்ட கறி மத்தியானம் கழியுமுன்னே புளித்துவிடக்கூடும். இது தெரியாமல் வந்த புதிதில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்து அவதிப்பட்ட குடும்பங்கள் உள்ளன. பால்கறியை அவ்வவ்வேளைக்கு அளவாகச் சமையுங்கள். இரவுக்கு வேண்டியதைப் பால் விடாமல் வையுங்கள். மிஞ்சியதை மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்த பின்னரே பரிமாறுங்கள்.

குடிக்காத தண்ணீர்

‘ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பல பெண்கள் சிரித்துவிட்டு மௌனமாகிவிடுவார்கள். மௌனத்தின் பின்னால் இருப்பது மலசலகூடப் பிரச்சினை. மலசலகூடம் வீட்டிலிருந்து தூரத்தில் இருக்கும். கதவுக்குக் கொழுக்கி இருக்காது. இரவில் வெளிச்சம் இருக்காது. சில வீடுகளில் மலசலகூடமே பாதியில் நிற்கும். ஆகவே வெளியே போகவேண்டி வருமே என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றார்கள். முகாம்களில் நீண்ட வரிசையில் நின்ற காலத்தில் ஏற்பட்ட இப்பழக்கம் சொந்த வீட்டுக்கு வந்த பின்னரும் பலரிடம் தொடர்கின்றது.

வன்னியின் சில கிணறுகளில் தண்ணீர் கல்நீராக அல்லது சவராக இருப்பது இன்னொரு காரணம். மலையூற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு அது தொண்டைக்குள் இறங்காது. வெறுந்தேநீரை மட்டும் குடித்து நாளைக் கழிப்பார். தேநீரும் நீர்தான், எனினும் சாப்பாட்டுடன் சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஆகவே அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ பின்னரோ குடியுங்கள்.

வெக்கையில் வியர்த்துக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் முதலில் தலையிடியும் களைப்பும் வரும். பின்னர் மலச்சிக்கலும் சிறுநீர் எரிவும் சேரும். சிறுநீர்த் தொற்று கர்ப்பிணித் தாய்மாருக்கு வந்தால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்தும் உண்டு. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் கூடுதலாகக் காணப்படுகின்றது. அதற்கான காரணங்கள் பல கோணங்களில் ஆராயப்படுகின்றன. உடலில் நீர் வற்றுவதும் அவற்றில் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆகவே இதனைச் சிறிய விடயம் என்று ஒதுக்க வேண்டாம்.

தாகம் வரும் வரை காத்திருக்காமல் வேலைக்கு இடையிடையே குடியுங்கள். சிறுநீர் தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் உடலில் நீர் போதுமானது. கடும் மஞ்சளாக இருந்தால் போதாது. கொதித்தாறிய நீரை மண்பானையில் ஊற்றி மூடி வைத்தால் குளிர்ந்திருக்கும்; குடிக்கவும் மனம் வரும். மோர், கஞ்சி, இளநீர், உப்பும் சீனியும் சிறிது சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் என்பன நல்லவை. சிறுநீரக நோய், இருதய நோய், பிறெசர், நீரிழிவு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம், எதைக் குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறியவேண்டும்.

தண்ணீர் சேமிக்கும் பானை, வாளி, பரல் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. டெங்கு நுளம்போ வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரிலேயே பெருகுகின்றது.

சாத்திய கதவு

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளுடன் வாழும் ஒரு தாய் பின்னேரம் ஆறு மணிக்கே எல்லா யன்னல்களையும் கதவையும் பூட்டிவிடுவார். வைகாசி மாதத்திலும் அப்படித்தான். “வெக்கையில வேகிறம் எண்டு தெரியும் மிஸ். ஆனால் திறந்துவிட்டால் நித்திரை வராது. ஆரும் எட்டிப் பார்த்தால் எண்ட பயம்” என்றார். பூட்டிய வீட்டிலும் அவருக்கு நித்திரை வருவதில்லை. சீமெந்துக் கல்லால் கட்டிய சுவர் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்திருந்து இரவில் அச்சூட்டை அறைக்குள் விடுகின்றது. காற்றுக்கு வழியில்லாத அறையில் மூவரும் விடியும்வரை புரள்கின்றார்கள்.

இந்தப் பயத்தை ‘வீண் பயம்’ என்று எவரும் சொல்லிவிட முடியாது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் பாதுகாப்பா, காற்றா என்று ஒன்றைத் தெரிவு செய்யும் நிலையில் பெண்ணை வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் கிடைக்க வழிகள் உள்ளன.

சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஆள் எட்ட முடியாத உயரத்தில் காற்றுப் போகும் துவாரமுள்ள கற்களைப் பதிக்கலாம். சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. அது அவ்வழியே வெளியேறும். எதிரெதிர்ச் சுவர்களில் இவ்வாறு வைத்தால் காற்று ஓடும். துவாரங்களுக்கு உட்புறமாக நுளம்பு வலை அடித்துக்கொள்ளுங்கள். யன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டு, உட்புறமாக மெல்லிய பருத்தித் திரை தொங்கவிட்டால் வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாது, காற்றோ வரும். முழுக் கதவுக்கு உட்புறமாகப் பூட்டக்கூடிய கம்பிக்கதவு ஒன்றை நாளடைவில் பொருத்தலாம். கோடை மாதங்களில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் மூவர் பிள்ளைகளுடன் ஒரே வீட்டு விறாந்தையில் ஒன்றாகப் படுக்கும் வழக்கத்தைச் சில கிராமங்களில் கண்டிருக்கின்றேன். செலவில்லாத நல்ல ஏற்பாடு அது.

வெளியில் படுப்பவர்கள் வெறும் நிலத்தில் படுக்க வேண்டாம். விரியன் பாம்புகள் நிலத்தில் நித்திரை கொள்வோரை இரவில் தீண்டுவது எமது பகுதிகளில் நடக்கின்றது. கட்டிலில், நுளம்பு வலையின் ஓரத்தை நன்றாக உட்செருகிப் படுங்கள். இரவில் எழும்பினால் ரோச் வெளிச்சம் இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

நித்திரையைப் பற்றி இன்னும் ஒரு விடயம். 2009 இன் முதல் மாதங்களைப் பதுங்கு குழிகளிலும் தறப்பாள்களின் கீழும் கழித்த பெண்களுக்கு, சித்திரை வைகாசி வெக்கையும் மூச்சுமுட்டும் அடைப்பும் அந்நாட்களை மீண்டும் கொண்டு வரக்கூடும். நெஞ்சு படபடப்பதும், காரணமின்றி அழுகை வருவதும், பிள்ளைகள் மீது எரிந்து விழுவதும் அக்காலத்தில் கூடலாம். உடல் தன் நினைவை வெளிக்காட்டும் விதம் அது. உங்களுக்கு மட்டும் நடப்பதென்று எண்ணி ஒளித்து வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். நித்திரையின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கூரையும் வளவும்

2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறை என்பதால் பல பெண்கள் கல், மணல், மேசன், ஓடு என்று எல்லாவற்றையும் தாமே பார்த்தார்கள். அது பெருமைக்குரியது. ஆனால் அடுத்த தவணைக்குள் கட்டி முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் மேல்வெயில் எந்தச் சுவரில் அடிக்கும், காற்று எங்கிருந்து வரும் என்று சிந்திக்க நேரம் கிடைக்கவில்லை. கட்டி முடித்த வீட்டிலும் சில திருத்தங்களைச் செய்யலாம்.

தகரம் வெயில் ஏறியவுடன் கொதிக்கும். தகரத்தின் மேல் கிடுகு அல்லது பனையோலை பரப்பிக் கட்டினால் சூடு நன்றாகக் குறையும். குசினிக்குப் பக்கத்தில் உள்ள கூரையில் மட்டும் தீப்பொறி கருதி இதனைத் தவிர்க்கவும். தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தாலும் வெயில் தெறித்துப் போகும். மழை கழுவிவிட்டால் அடுத்த கோடைக்கு மீண்டும் அடிக்க வேண்டும். மேற்குப் பக்கச் சுவரே பின்னேர வெயிலை வாங்குவது. அப்பக்கத்தில் ஒரு பத்தி இறக்கலாம். அல்லது பந்தல் போட்டு பயற்றை, பாகல், பீர்க்கு, அவரை என்பவற்றைப் படரவிடலாம். சுவருக்கு நிழலும் கறிக்குக் காயும் கிடைக்கும்.

காடு வெட்டிய வெறும் வளவில் முதலில் நடவேண்டியவை விரைவில் நிழல் தருபவை. முருங்கைத் தடியை ஊன்றினால் சில மாதங்களில் தழைத்துவிடும். வாழையையும் பப்பாசியையும் குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். இவை வளரும்போதே வேம்பு, மா, பலா போன்ற நீண்டகால மரங்களையும் சற்றுத் தள்ளி நட்டுவிடுங்கள். வேம்பை மேற்குப் பக்கத்தில் நடுவது நல்லது. ‘காணி உறுதி வரட்டும், பிறகு நடுவோம்’ என்று காத்திருந்த ஆண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய நிழலை எண்ணிப் பாருங்கள்.

மின்விசிறி இருந்தால் யன்னலைத் திறந்து வைத்துப் பாவியுங்கள். பூட்டிய அறையில் அது அதே சூடான காற்றையே சுழற்றும். காற்று மிகவும் சூடாக இருக்கும் மத்தியானங்களில் கை, கழுத்து, முகத்தை நனைத்துவிட்டு விசிறியின் முன் இருந்தால்தான் உடல் குளிரும்.

உடுப்பும் உடலும்

நைலோன், பொலியெஸ்ரர் உடுப்புகள் வியர்வையை உறிஞ்சுவதில்லை. வீட்டில் தளர்வான பருத்தி உடுப்பே நல்லது. வியர்த்து நனைந்த உள்ளாடையை நாள் முழுவதும் அணிந்திருந்தால் தொடை இடுக்கிலும் மார்பின் கீழும் பங்கசுத் தொற்று வரும். மாதவிடாய்க் காலத்தில் துணியோ பாட்டோ எதுவாயினும் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். துணியை வீட்டுக்குள் மறைத்துக் காயவிடாமல் நல்ல வெயிலில் காயவிடுங்கள். வெட்கமென்றால் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொள்ளலாம். வன்னி வெயில் எமக்குச் செய்யும் உபகாரங்களில் ஒன்று, அது உடுப்பை நன்றாகக் காயவைத்துத் தருவது.

பிள்ளைகள்

மலையில் பிறந்த குழந்தைக்குத் தொப்பி, கம்பளிச் சட்டை, கால்மேசு என்று போட்டுச் சுற்றி வைப்பார்கள். அங்கு அது அவசியம். அதே முறையில் வன்னியில் சுற்றி வைத்தால் குழந்தையின் உடல் சூடேறி, வேர்க்குரு வந்து, பாலும் குடிக்காமல் அழும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். கழுத்தும் முதுகும் வியர்த்திருந்தால் உடுப்பு கூடிவிட்டது என்று பொருள்.

பாட்டிமார் அன்பினால் ஒரு தவறு செய்வதுண்டு. ‘வெக்கைக்குப் பிள்ளைக்குத் தொண்டை காயும்’ என்று ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் பருக்குவார்கள். அது வேண்டாம். தாய்ப்பாலிலேயே குழந்தைக்கு வேண்டிய நீர் இருக்கின்றது. வெக்கை நாட்களில் அடிக்கடி பால் கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ‘ஜீவனி’ கரைத்துக் கொடுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். அளவை மாற்ற வேண்டாம்.

இவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம்

களைப்பு, தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வியர்வை என்பன முதல் எச்சரிக்கை. உடனே நிழலுக்கு வந்து, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உடல் அனலாகக் கொதித்தல், சொல் குழறுதல், இருக்கும் இடம் தெரியாமல் புலம்புதல், வலிப்பு, மயக்கம் என்பன உயிராபத்தின் அறிகுறிகள். இத்தகைய புலம்பலைக் கண்டு ‘காத்துக் கறுப்புப் பட்டுவிட்டது’ என்று நூல் கட்ட ஓடுபவர்கள் இன்றும் உள்ளனர். அந்த நேரம் மிகப் பெறுமதியானது. நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், முதியோர், புதிதாக வந்தவர்கள் ஆகியோரை விசேடமாகக் கவனியுங்கள்.

வீட்டாருக்கும் சங்கங்களுக்கும்

மேலே சொன்னவற்றில் பலவற்றைப் பெண் தனியாகச் செய்ய முடியாது. வெயில் ஏறுமுன் சமையலை முடிக்க வேண்டுமானால், விடியற்காலையில் தண்ணீர் அள்ளவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தவும் இன்னொருவர் வேண்டும். வீட்டில் ஆண்கள் இருந்தால் தண்ணீரும் விறகும் அவர்களது பொறுப்பாகட்டும். மாமிமாரிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த மருமகள் மத்தியானத்தில் சோர்ந்து இருந்தால் ‘மலைநாட்டுக்காரிக்கு உடம்பு வளையாது’ என்று சொல்லாதீர்கள். ஒரு செம்பு மோர் கொடுத்து, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் கூட்டங்களில் கடன், சீட்டு, சேமிப்பு என்பவற்றுடன் இவ்விடயத்தையும் எடுத்துப் பேசலாம். கிராமத்தில் எத்தனை வீடுகளில் மலசலகூடத்துக்குக் கதவும் கொழுக்கியும் வெளிச்சமும் இல்லை என்று சங்கமே ஒரு பட்டியல் எடுக்கலாம். தனி ஒரு பெண் கிராம அலுவலரிடம் போய் ‘எனக்கு மலசலகூடக் கதவு வேண்டும்’ என்று கேட்கக் கூச்சப்படுவார். முப்பது பேரின் கையொப்பத்துடன் சங்கம் பிரதேச செயலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுதினால் அது கிராமத்தின் கோரிக்கையாகிவிடும். சிரமதானத்தின் மூலம் தனித்து வாழும் பெண்களின் வீட்டுக்குக் கிடுகு வேயலாம், கம்பி பொருத்தலாம். மழை தொடங்கும் ஐப்பசியில் வீட்டுக்கு இரண்டு வேப்பங்கன்றுகள் என்று சங்கத்தின் மூலம் பகிர்ந்து நடலாம்.

மலசலகூடத்துக் கதவுக்கு ஒரு கொழுக்கி வாங்க ஆகும் செலவு சிறியது. அது இருந்தால் ஒரு பெண் பயமில்லாமல் ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாகக் குடிப்பாள். இந்த மாதக் கூட்டத்தில் அந்தக் கொழுக்கியிலிருந்தே தொடங்குங்கள் சகோதரிகளே.